காலில் மூன்று இடத்தில் அடைப்பு: வெட்டியும் செய்யணும், ஸ்டென்ட்டும் வைக்கணும் என்கிறார்கள். இரண்டும் எதற்கு?

தறிக்காரர் மகன், குமாரபாளையம்

வணக்கம்ங்க. அப்பாவுக்கு வயது 66. விசைத்தறியிலேயே காலம் தள்ளியவர். சுகர் ரொம்ப வருஷமாக இருக்கு, பீடியும் உண்டு. தீபாவளிக்கு முன்பிருந்தே நடந்தால் இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடைக்குப் போவதற்குள் வழியில் நின்று நின்று போவார். மூட்டுவலி என்று அவராகவே தைலம் தேய்த்துக்கொள்வார்.

இப்போது ராத்திரி படுக்கவே முடியவில்லை. படுத்தால் பாதம் எரியுது என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறார். சுண்டுவிரல் நுனி கருத்துவிட்டது. பக்கத்து விரலோடு சேரும் இடத்தில் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்கிறது.

உள்ளூரில் காட்டியதற்கு விரலை எடுத்துவிடலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில், விரலை எடுத்தாலும் ஆறாது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் தொந்தரவு முடிந்தது என்றார்கள். மனசு கேட்காமல் கோயம்புத்தூர் போனோம். ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர், குழாய்களைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ எல்லாம் எடுத்தாச்சு. ரிப்போர்ட்டில் இருப்பது இது: இடுப்பில் ஓடும் இடது வெளி இலியாக் ரத்தக்குழாயில் 80 சதவீதச் சுருக்கம், தொடை இடுக்கில் காமன் ஃபெமோரல் குழாயில் கால்சியத்தோடு ஏறக்குறைய முழு அடைப்பு, தொடை முழுக்க ஓடும் எஸ்.எஃப்.ஏ.வில் நீண்ட அடைப்பு, முழங்காலுக்குக் கீழே மூன்று குழாய்களில் பெரோனியல் என்ற ஒன்று மட்டும் ஓடுது. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்த விகிதம் 0.38.

அங்கே இருந்த ரத்தநாள டாக்டர், 'தொடை இடுக்கைத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுப்போம், அதே வழியாக மேலே ஒரு ஸ்டென்ட், கீழே பலூன் அல்லது பைபாஸ். எல்லாம் ஒரே டேபிளில்' என்றார். ஹைப்ரிட் என்று பெயர் சொன்னார். காலைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனால் கேரண்டி தர மாட்டேன் என்றும் சொன்னார்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஊசி ஓட்டையிலேயே எல்லாம் செய்யும் காலத்தில் எதுக்கு வெட்டணும்? வெட்டித்தான் ஆகணும் என்றால் ஸ்டென்ட் எதுக்கு? இரண்டையும் போட்டு பில் ஏத்துறாங்க என்கிறார் மாமா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க. வரும் வாரம் முடிவு சொல்ல வேண்டும்.

---

வைகைக்கரை டாக்டர், மதுரை

தம்பி, நான் ரத்தநாள அறுவை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பாவையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய ரிப்போர்ட்டை வைத்து, அந்த டாக்டர் ஏன் அப்படிச் சொல்லியிருப்பார் என்று மட்டும் சொல்கிறேன். முடிவு அவரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டியது.

முதலில் ஒன்று. காலைத் தொங்கப் போட்டால் வலி குறைகிறது, விரல் கருத்திருக்கிறது, விகிதம் 0.38. சாதாரணமாக இது 0.9க்கு மேல் இருக்க வேண்டும். சுகர்காரர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறி பிரஷர் பட்டை அதை அமுக்கவே முடியாமல் போகும், அதனால் எண் பொய்யாகக் கூடுதலாகவே காட்டும். அப்படியும் 0.38 என்றால் பாதத்துக்கு உண்மையில் இன்னும் குறைவாகக்கூடப் போகலாம். கட்டைவிரல் பிரஷர் எடுத்தார்களா என்று கேளுங்கள், அது 30க்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறுவது அரிது. ஆகவே இது 'பார்த்துக்கொள்ளலாம்' என்கிற கட்டம் இல்லை. கால் போகிற கட்டம்.

இப்போது உங்கள் மாமாவின் கேள்வி. நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது.

அப்பாவுக்கு இருப்பது ஒரே நோய், ஆனால் மூன்று வேறு வேறு இடம். ஒவ்வொரு இடத்துக்கும் ஏற்ற கருவி வேறு.

மேலே இலியாக். அது வயிற்றுக்குள், இடுப்புக் குழியின் ஆழத்தில் ஓடுகிறது. அதை வெட்டிச் சரிசெய்ய வேண்டுமென்றால் வயிற்றுப் பக்கவாட்டில் பெரிய கீறல் போட வேண்டும். 66 வயது, சுகர், பீடி நுரையீரல், இதயத்திலும் அடைப்பு இருக்க வாய்ப்பு. அவருக்கு அது பெரிய சுமை. ஆனால் ஸ்டென்ட்டுக்கு அந்த இடம் சௌகரியமானது. குழாய் பெரியது, ஓட்டம் வேகம். அங்கே வைத்த ஸ்டென்ட்டுகளில் பெரும்பாலானவை ஐந்து வருஷம் கழித்தும் திறந்தே இருக்கும்.

நடுவே தொடை இடுக்கு. இங்கேதான் எனக்குப் பிடிவாதம் உண்டு. காமன் ஃபெமோரல் என்பது நாலைந்து சென்டிமீட்டர்தான். ஆனால் நீங்கள் குத்துக்கால் போட்டாலும், பஸ் ஏறினாலும், கக்கூஸில் உட்கார்ந்தாலும் மடங்குகிற இடம். அங்கே கம்பி வலையை வைத்தால் மடங்கி மடங்கி உடையக்கூடும். அதைவிட முக்கியம், அந்த இடத்திலிருந்துதான் ப்ரொஃபண்டா என்கிற ஆழ்தொடைக் குழாய் பிரிகிறது. எஸ்.எஃப்.ஏ. முழுசாக அடைத்தவர்களுக்கு அந்த ப்ரொஃபண்டாதான் தொடைக்கும் முழங்காலுக்கும் சோறு போடுகிறது. ஸ்டென்ட் அதன் வாயை மூடிவிட்டால் இருந்ததும் போச்சு. அறுவையில் அந்த வாயைக் கண்ணால் பார்த்தே சுத்தம் செய்யலாம். தோலுக்குக் கீழேயே இருக்கிற இடம் வேறு. திறப்பது சுலபம்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். பிரான்சில் 117 பேரை வைத்து டெக்கோ என்று ஓர் ஆய்வு நடந்தது, 2017ல் வெளிவந்தது. தொடை இடுக்கில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு முதல் மாதச் சிக்கல்கள் 12.5 சதவீதம், அறுவை செய்தவர்களுக்கு 26 சதவீதம். இரண்டு வருஷத்தில் குழாய் திறந்திருப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் அங்கே ஸ்டென்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மயக்கம் தாங்காத நோயாளி, ஏற்கெனவே பலமுறை வெட்டிய இடம், அப்போது அதுதான் வழி. ஆனால் சுண்ணாம்பு கட்டி, ப்ரொஃபண்டாவையும் நம்பி இருக்கிற காலுக்கு நான் கத்தியைத்தான் எடுப்பேன்.

கீழே தொடை. அங்கே பலூன், ஸ்டென்ட், பைபாஸ் மூன்றுக்கும் இடம் உண்டு. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதில்தான் சண்டையே.

சரி, ஏன் ஒரே நாளில்? வாய்க்கால் தெரியும்தானே. மதகு பாதி மூடியிருக்கும்போது நடுவில் தூர் வாரி என்ன பயன்? நடுவில் அடைத்திருக்கும்போது மதகை மட்டும் திறந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும். குழாயில் தேங்கினால் ரத்தம் உறையும். தொடை இடுக்கைச் சுத்தம் செய்து தைத்துவிட்டு மேலே வரத்து இல்லாமல் விட்டால் தைத்த இடம் அன்றைக்கே அடைக்கும். மேலே ஸ்டென்ட் மட்டும் வைத்து, நடுவில் கல்லை விட்டுவிட்டால் அந்த ஸ்டென்ட்டுக்கும் அதே கதி. சேர்த்துச் செய்தால் ஒரே மயக்கம், ஸ்டென்ட்டுக்கென்று தனியாக இன்னோர் ஊசி ஓட்டை கிடையாது, ரத்தம் கசிகிற பயமும் குறைவு. பலருக்கு முதுகில் மரப்பு ஊசி போட்டே முடித்துவிடலாம்.

டேபிளில் என்ன நடக்கும் என்று பலர் கேட்பார்கள். தொடை இடுக்கில் விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு கீறல். குழாயைத் தொட்டால் விரலுக்கடியில் துடிப்பு இருக்காது, கல் இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்துவிட்டு, மேலும் கீழும் ப்ரொஃபண்டாவிலும் கிளாம்ப் போட்டு, குழாயை நீளவாக்கில் திறப்போம். உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக அடைப்பு. குழாய்ச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே அது பிரிகிற ஒரு இடம் உண்டு. அதைப் பிடித்துவிட்டால் மழுங்கிய தகட்டுக் கருவியால் தள்ளத் தள்ள முழுசாகக் கழன்று வரும். எஃகுத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்கும். புதிதாக வந்த பயிற்சி டாக்டர்கள் எல்லாரும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். கீழ்முனையில் மிச்சமிருக்கும் உள்சுவரைத் தையல் போட்டுப் படிய வைக்காவிட்டால் ரத்த ஓட்டம் அதைக் கிளப்பி மறுபடி அடைத்துவிடும், அந்த ஒன்றிரண்டு தையலில்தான் அறுவையின் ஆயுளே இருக்கிறது.

அப்புறம் குழாய் சுருங்காமல் இருக்க ஓர் ஒட்டு வைத்துத் தைப்போம். பெரும்பாலும் மாட்டின் இதய உறையிலிருந்து பதப்படுத்தி வருவது. சில குடும்பங்களுக்கு இதில் சங்கடம் உண்டு. அப்படி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செயற்கை ஒட்டோ நோயாளியின் சொந்த ரத்தக்குழாய்த் துண்டோ வைக்கலாம். தியேட்டருக்கு வெளியே நின்று தகராறு செய்வதில் யாருக்கும் லாபமில்லை.

ஒட்டு தைத்த பிறகு அதன் வழியாகவே ஊசி குத்தி, ஒயரை மேலே அனுப்பி, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே இலியாக்கில் பலூன் ஊதி ஸ்டென்ட் வைப்பார்கள். சிலர் முதலிலேயே ஒயரைக் கடத்திவிட்டு அப்புறம் குழாயைத் திறப்பார்கள், அது அவரவர் பழக்கம். பிறகு கீழ்நோக்கித் தொடைக்கு. முடிக்கும் முன் டேபிளிலேயே ஒரு ஆஞ்சியோ படம் எடுத்து ஓட்டம் பாதம் வரை போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய ஹைப்ரிட் தியேட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் டேபிளிலேயே எக்ஸ்ரே காட்டும் ஒரு நல்ல சி-ஆர்ம் மிஷினும் இரண்டு வேலையும் தெரிந்த டீமும் இருந்தால் போதும்.

விரலைப் பற்றி. சீழ், காய்ச்சல், நாற்றம், சிவப்பு மேலே ஏறுவது இருந்தால் உடனே திறந்து சீழை எடுக்க வேண்டும், அதற்குக் காத்திருக்கக் கூடாது. அதெல்லாம் இல்லாமல் வறண்டு கருத்த விரல் என்றால் முதலில் ரத்தம், அப்புறம் விரல். ரத்தம் வராத பாதத்தில் விரலை வெட்டினால் வெட்டிய இடமும் கருக்கும்.

---

பாலக்கரை ராஜா, திருச்சி

டாக்டர் ஐயா கோவிச்சுக்கக் கூடாது. என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஸ்டென்ட், பலூன் என்று பெரிய தொகை வாங்கினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் காலையும் எடுத்தாச்சு. முதலிலேயே எடுத்திருந்தால் வீட்டுப் பத்திரம் மிஞ்சியிருக்கும். ஹைப்ரிட் என்று புதுப் பேர் வைத்துப் புது வியாபாரம். தம்பி, யோசிச்சு செய்யுங்க.

---

தஞ்சை மீனா

என் அம்மாவுக்கு இதே அறுவைதான் நடந்தது. தொடை இடுக்கில் சுரண்டி எடுத்து, மேலே ஸ்டென்ட். அம்மாவுக்குப் பீடி கிடையாது, சுகரும் பிரஷரும். அதனால் எங்கள் அனுபவம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

ஒன்று சொல்கிறேன், டாக்டர்கள் அவசரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். அறுவை முடிந்த ராத்திரியே பாதம் சூடானது. அம்மா 'போர்வையை எடுடி' என்றாள். அதுவரை மார்கழி, சித்திரை என்றில்லாமல் அந்தக் காலுக்கு மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு இருந்தவள். ஆனால் தொடை இடுக்குத் தையல்தான் எங்களைப் படுத்தியது. அந்த மடிப்பில் வியர்வை தங்கும், அம்மா கொஞ்சம் பருமன் வேறு. நிணநீர் என்று தெளிவாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. தினமும் டிரஸ்ஸிங் செய்து, துணி மடித்து வைத்து, அந்த இடத்தை உலர்வாக வைக்கப் பெரும்பாடு. கடைசியில் ஆறிவிட்டது. காலும் ரொம்ப நாள் வீங்கியே இருந்தது, பயந்துவிட்டோம். ஓட்டம் திரும்பிய காலுக்கு அது சகஜம் என்றார்கள்.

கருத்த விரல் மட்டும் பிற்பாடு எடுத்தார்கள். புண் ஆறியது. இப்போது வாசல் தெளிக்கிறாள், கோயிலுக்கு நடக்கிறாள். முன்போல வேகம் இல்லை.

செலவு பற்றி: முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டக் கார்டு இருந்தால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்த அறுவைக்கு எவ்வளவு, ஸ்டென்ட்டுக்குத் தனியாக உண்டா என்பதை ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுக் கவுன்டரில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அனுமதி வரச் சில நாள் ஆனது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

வைகைக்கரை டாக்டர், மதுரை

ராஜா, கோபமெல்லாம் இல்லை. பெரியப்பாவுக்கு நடந்தது நடக்கக்கூடியதுதான், என் நோயாளிகளுக்கும் நடந்திருக்கிறது. ஆனால் இரண்டு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

ஒன்று, புது வியாபாரம் என்பது. தொடைக் குழாயைத் திறந்து அடைப்பை எடுப்பதை 1946லேயே லிஸ்பனில் செய்துவிட்டார் ஜோவாவ் சித் தோஸ் சந்தோஸ். இதில் ஒரு வேடிக்கை, 1929ல் மருந்து ஏற்றி மகாதமனியை எக்ஸ்ரேயில் படம் பிடித்துக் காட்டியவர் அவருடைய அப்பா ரெய்னால்டோ. அப்பா படம், மகன் கத்தி. இரண்டு வருஷம் கழித்து 1948ல் பாரிஸில் ஜான் குன்லின் நோயாளியின் சொந்தக் கால் வெயினையே (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) எடுத்துப் பைபாஸ் போட்டார். 1964 ஜனவரியில் அமெரிக்காவில் போர்ட்லண்டில் 82 வயதுப் பாட்டி ஒருவர். விரல்கள் கருத்துவிட்டன, காலை எடுக்க வேண்டும் என்றார்கள், பாட்டி முடியாது என்றுவிட்டார். அப்போதுதான் சார்ல்ஸ் டாட்டர் என்கிற கதிரியக்க டாக்டர் ஊசி ஓட்டை வழியாகக் குழாயை விரித்தார். பாட்டி சாகும்வரை சொந்தக் காலில்தான் நடந்தார். அதே போர்ட்லண்டில் 1973ல், டாட்டரும் அறுவை டாக்டர்களும் சேர்ந்து, ஒரு பக்கத்து இலியாக்கை விரித்துவிட்டு அங்கிருந்து மறுகாலுக்குப் பைபாஸ் போட்டதைக் காலைக் காப்பாற்றும் முறையாக எழுதினார்கள். ஹைப்ரிட் என்பது அரை நூற்றாண்டுக்கு முந்தைய சமாச்சாரம். பெயரும் தியேட்டரும்தான் புதுசு. அந்தப் பெயரை வைத்து விளம்பரம் செய்கிறவர்கள் மேல் எனக்கும் எரிச்சல்தான், அது வேறு கதை.

இரண்டு, 'முதலிலேயே எடுத்திருந்தால்' என்பது. காலை எடுப்பதோடு கதை முடிந்துவிடாது. எடுத்த இடம் ஆறுவதற்கும் ரத்தம் வேண்டும். இந்த தம்பியின் அப்பாவுக்கு இலியாக்கும் தொடை இடுக்கும் அடைத்திருக்கிறது. இப்படியே முழங்காலுக்குக் கீழே வெட்டினால் அது ஆறாமல் முழங்காலுக்கு மேலே போக வாய்ப்பு அதிகம். முழங்கால் இருந்தால் செயற்கைக் காலில் நடந்துவிடலாம். முழங்கால் போனால் 66 வயதில் பெரும்பாலோர் சக்கர நாற்காலிதான். அதனால் காலே போனாலும் மேலே ஓட்டத்தைத் திறந்தது வீண் இல்லை. காலை எடுத்த சுகர் நோயாளிகளில் ஐந்து வருஷத்துக்குள் பாதிப் பேர் உயிரோடு இருப்பதில்லை. கால் மட்டும் காரணம் இல்லை, அதே நோய் இதயத்திலும் மூளையிலும் இருக்கிறது. படுக்கையில் கிடப்பது அதைத் துரிதப்படுத்தும்.

எடுப்பதே சரி என்கிற நிலைமையும் உண்டு. பாதம் முழுக்கச் செத்திருந்தால், விஷம் உடம்பில் ஏறி உயிருக்கு ஆபத்து என்றால், வருஷக்கணக்கில் படுத்த படுக்கையாகி முழங்கால் மடங்கி நிமிராமல் போனவர் என்றால், குழாயைத் திறந்து யாருக்கும் உபகாரம் இல்லை. அப்போது நானே எடுக்கச் சொல்லியிருக்கிறேன், குடும்பம் அழுதாலும்.

பெரியப்பா பீடியை விட்டாரா? குத்திக் காட்டக் கேட்கவில்லை. விடாதவருக்கு நான் போட்ட அழகான பைபாஸ்கள் அடைத்ததைப் பார்த்தே கேட்கிறேன்.

இப்போது தொடையைப் பற்றி, தம்பி. ரத்தம் பாதம் வரை நேராகப் போனால்தான் விரல் புண் ஆறும். வெறும் ராத்திரி வலிதான் என்றால் இலியாக்கையும் ப்ரொஃபண்டாவையும் திறந்ததே பலருக்குப் போதும். புண் இருப்பதால் உங்கள் அப்பாவுக்குத் தொடையிலும் ஏதாவது செய்ய வேண்டிவரும். பலூனா, பைபாஸா? 2022ல் பெஸ்ட்-சி.எல்.ஐ. என்ற பெரிய ஆய்வு வந்தது, 1,830 பேர். தொடை உள்பக்கத்து நீள வெயின் ஒரே துண்டாக நன்றாக இருந்தவர்களில், பைபாஸ் செய்துகொண்டவர்களில் 42.6 சதவீதம் பேருக்கும், ஊசி வழியில் செய்துகொண்டவர்களில் 57.4 சதவீதம் பேருக்கும் காலுக்குப் பெரிய கேடோ மரணமோ நேர்ந்தது. நல்ல வெயின் இல்லாதவர்களில் இரண்டும் ஒன்றுதான். நாங்கள் அறுவைக்காரர்கள் துள்ளிக் குதித்தோம். அடுத்த வருஷமே பிரிட்டனிலிருந்து பேசில்-2 வந்து தண்ணீர் தெளித்தது. 345 பேர், முழங்காலுக்குக் கீழேயும் அடைப்பு உள்ளவர்கள். அதில் பைபாஸ் பக்கம் 63 சதவீதம் பேரும் பலூன் பக்கம் 53 சதவீதம் பேரும் காலையோ உயிரையோ இழந்தார்கள். அந்த வித்தியாசம் பெரும்பாலும் மரணங்களால் வந்தது. ஆகவே ஒரே விதி கிடையாது. வெயின் எப்படி, இதயம் எப்படி, எத்தனை வருஷம் வாழ்வார், இந்த மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் டாக்டர் 'பலூன் அல்லது பைபாஸ்' என்று திறந்து வைத்திருப்பது தெரியாததால் இல்லை, நேர்மையால்தான் என்று நினைக்கிறேன்.

வெயின் பைபாஸுக்கு ஆகுமா என்று பார்க்கும் வெயின் மேப்பிங் ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். அதுவரை அப்பாவின் கணுக்காலில் யாரையும் ட்ரிப்ஸ் ஊசி போட விடாதீர்கள். இன்றைக்குக் கெட்டுப்போகிற வெயின்தான் நாளைக்குப் பைபாஸுக்கு வேண்டியிருக்கும்.

---

தறிக்காரர் மகன், குமாரபாளையம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மாமாவிடம் வாய்க்கால் உதாரணத்தைச் சொன்னேன். 'அதைச் சொன்னால் புரியுதல்ல' என்றார். அவருக்குக் காவிரிக்கரையில் நிலம் இருக்கு.

இன்னும் இரண்டு சந்தேகம். கிட்னி வேலையைக் காட்டும் கிரியாட்டினின் அப்பாவுக்கு 1.7, கூடுதலாக இருக்கு. ஆஞ்சியோ மருந்தால் கிட்னி போய்விடும் என்கிறார்கள். எக்கோவில் இதயம் சுமாராக இருக்கு என்றார்கள், பம்பிங் 45 சதவீதம். இந்த நிலையில் தாங்குவாரா? அப்புறம், இப்போதைக்கு வீட்டில் என்ன செய்யலாம்? அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார், வலிக்குச் சுகமாக இருக்கு என்கிறார்.

---

வைகைக்கரை டாக்டர், மதுரை

ஒத்தடத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். சுகரால் உணர்ச்சி குறைந்த பாதம், ரத்தமும் இல்லை, சூடு தாங்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஒத்தடத்தில் கொப்புளம் வந்து பாதம் போனவர்களை எனக்குத் தெரியும். ஹீட்டர், தீக்கணப்பு எதுவும் வேண்டாம். பருத்தி சாக்ஸ், விரல்களுக்கு நடுவே உலர்ந்த பஞ்சு, குதிகால் கட்டிலில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை. வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலில் நடக்க வேண்டாம். கருத்த இடத்தைக் கத்தரிப்பது, உரிப்பது, எண்ணெய் ஊற்றுவது கூடாது. சுகர் எண்ணை டாக்டர் சொன்ன அளவில் வையுங்கள். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் எழுதியிருப்பார்கள், விடாமல் கொடுங்கள். சிலருக்கு அறுவைக்குப் பிறகு ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவரோக்சபான் 2.5 மில்லிகிராம் இரண்டு வேளை சேர்ப்பார்கள், ரத்தக் கசிவு அபாயத்தைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

கிட்னி: பயம் நியாயம், ஆனால் அதுவே அறுவையை நிறுத்தும் காரணம் இல்லை. சி.டி. எடுத்து எத்தனை நாள் ஆச்சு, அதன் பிறகு கிரியாட்டினின் மறுபடி பார்த்தீர்களா? ஏறியிருந்தால் அது இறங்கும்வரை சில நாள் பொறுக்கலாம், பாதத்தில் தொற்று இல்லாத பட்சத்தில். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் எப்போது நிறுத்தி எப்போது தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். இடுப்புக்குக் கீழே ஆஞ்சியோ எடுக்க, நீங்கள் சொன்ன அந்த மருந்துக்கு, அதாவது சாயத்துக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் பயன்படுத்தலாம், வசதி உள்ள இடத்தில் சாயத்தைக் கணிசமாகக் குறைத்துவிடுவார்கள். இங்கே ஹைப்ரிட்டுக்கு ஒரு அனுகூலம், தொடை இடுக்கைக் கண்ணால் பார்த்தே செய்வதால் அந்தப் பகுதிக்குச் சாயமே வேண்டியதில்லை.

இதயம்: 45 சதவீதம் பம்பிங் உள்ளவர்களுக்கு நாங்கள் இதைச் செய்வதுண்டு. ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். இதய டாக்டரும் மயக்க டாக்டரும் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இதயம் தாங்காது என்று அவர்கள் நினைத்தால் திட்டத்தைச் சுருக்குவார்கள். இலியாக் ஸ்டென்ட்டும் தொடை இடுக்கும் இன்றைக்கு, தொடை பலூன் பிற்பாடு. அல்லது நீண்ட பைபாஸை விட்டுவிட்டுப் பலூனோடு நிறுத்திக்கொள்வார்கள். எது எப்போது என்று மாற்றிக்கொள்ள முடிவதுதான் இந்த முறையில் எனக்குப் பிடித்தது.

டாக்டரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்குக் கால் திடீரென்று குளிர்ந்து வெளுத்தால் யாரைக் கூப்பிடுவது, அவர்கள் தியேட்டரை உடனே திறப்பார்களா? ஒட்டோ ஸ்டென்ட்டோ அடைத்தால் சில மணி நேரம்தான் கையில் இருக்கும். அதற்கு எண் கொடுக்காத இடத்தில் எவ்வளவு நல்ல மிஷின் இருந்தாலும் நான் என் அப்பாவைச் சேர்க்க மாட்டேன். இன்னொரு டாக்டரின் கருத்தும் வேண்டுமென்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. மூன்றிலும் ரத்தநாளத் துறை உண்டு. ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, சி.டி. படத்தின் டிஸ்க்கைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பீடி. இதை அப்பாவிடம் நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார், டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். 'குறைத்துக்கொள்கிறேன்' என்பார், அதில் பிரயோஜனம் இல்லை.

---

தஞ்சை மீனா

தம்பி, செருப்பை மறந்துவிடாதீர்கள். புண் ஆறிய பிறகு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கச் சொல்வார்கள். கடையில் தொங்குவதை எடுக்காமல் அளவு கொடுத்துச் செய்யுங்கள், விரல் எடுத்த பாதத்துக்கு அளவு மாறும். அளவு எடுக்கச் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் வீக்கத்தோடு சேர்த்து அளப்பார்கள். பின்பக்கம் வார் இருக்கட்டும், இல்லையென்றால் கழன்றது அவருக்குத் தெரியாமலேயே நடந்துபோய்விடுவார்.